மகள் திருமணத்துக்கு ஐந்து மாதம் இருக்கையில் தலைச்சாயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று

கேள்வி: பொருநைக்கரை ஆசிரியை

வணக்கம். எனக்கு 49 வயது. நெல்லைப் பக்கம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். மாதவிடாய் முற்றிலும் நின்று 14 மாதங்கள் ஆகின்றன. வரும் தை மாதக் கடைசியில் என் மகளுக்குத் திருமணம். இப்போது ஆவணி.

38 வயதில் காதோரம் வெள்ளை தெரிந்ததும் டை அடிக்கத் தொடங்கினேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், கறுப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணி நேரத்தில் குளித்துவிடுவது 11 ஆண்டுகளாகப் பழகிப்போன காரியம். போன ஆண்டிலிருந்து தலையில் இலேசான அரிப்பு இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆடி மாதம் டை அடித்த மறுநாள் காலை இமைகள் இரண்டும் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் தோல் வெடித்து நீர் கசிந்தது. ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். இது டையினால் வந்த ஒவ்வாமை, இனி எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடக் கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார்.

இது ஒன்று மட்டும் என்றால் தாங்கிக்கொள்வேன். கன்னங்களில் மங்கு படர்ந்திருக்கிறது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சொன்னாரென்று மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிப் பூசி வந்தேன். இரண்டு மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. அதன் பிறகு காலை வழிபாட்டுக்கு மைதானத்தில் நின்றாலே எரிகிறது, சிவக்கிறது, பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்புகின்றன. பூசாமல் விட்டால் இரண்டே நாளில் இன்னும் மோசமாகிறது. அதனால் அந்தக் கிரீமைப் பற்றி மருத்துவரிடம் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டு இன்றுவரை பூசிக்கொண்டே இருக்கிறேன். முடியும் அப்படித்தான். ஒரு காலத்தில் கைக்குள் அடங்காது; இப்போது பின்னினால் எலிவாலாக முடிகிறது. வகிட்டில் வைத்த குங்குமம் முன்பு கோடாக நிற்கும், இப்போது அகன்று பரவுகிறது. ஜிமிக்கி போட்டுப் போட்டுக் காதுத் துளையும் நீண்டு, இன்னும் நூலளவு இறங்கினால் மடல் அறுந்துவிடும் போலிருக்கிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. சம்பந்தி வீட்டு உறவினர் ஒருவர், கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமல், "நீங்கள் பெண்ணுக்கு ஆச்சியா?" என்று கேட்டார். "அம்மா" என்று பதில் சொல்லிவிட்டுக் காபித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவள், பிறகு வெளியே வரவில்லை. எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொன்னேன். அடுப்பில் பால் இல்லை.

டை இல்லாமல் முடியைக் கறுப்பாக்கப் பாதுகாப்பான வழி ஏதாவது உண்டா? இவற்றில் வயதினால் வருவது எது, மருத்துவம் பார்க்க வேண்டியது எது? மகளின் மணமேடைக்குப் பக்கத்தில் இந்த முகத்தோடு எப்படி நிற்பது? இந்த வயதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அதில் கடைசி 9 ஆண்டுகள் தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளர் பகுதியில் பணியாற்றினேன். நீங்கள் எழுதியிருப்பவற்றில் பாதிக்கு மேல் வயதினால் வந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "வயதானால் இப்படித்தான்" என்று வீட்டார் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, இரத்தசோகையையும் தைராய்டு குறைபாட்டையும் ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டு வந்த பெண்களை நான் அன்றாடம் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

முதலில் அந்தக் கிரீம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்க வேண்டும். மங்குக்காகத் தரும் கலவைக் கிரீம்களில் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும், டிரெட்டினாயினும், ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து அது. மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். வெயில் பட்டால் எரியும், நரம்பு நரம்பாகச் சிவப்பு தெரியும், பருக்கள் வரும், சிலருக்குக் கன்னத்தில் மெல்லிய முடி வளரும். நிறுத்தினால் கொதித்துக் கிளம்புவதும் அந்த மருந்தின் வேலைதான். உங்கள் முகம் அதற்குப் பழகிப்போயிருக்கிறது. அதனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். கிரீம் குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அதே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர் சொல்வார். கூச்சம் வேண்டாம், எங்கள் பிரிவில் வாரத்துக்குப் பத்துப் பேராவது அப்படி ஒரு குழாயை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். 2018-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

மங்கு முற்றிலும் போய்விடும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது; மங்க வைக்கலாம், கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு எல்லா மருந்தையும்விட முக்கியமானது வெயிலை மறைப்பது. மைதானத்தில் நிற்கும்போது குடை பிடியுங்கள், ஆசிரியை குடை பிடித்தால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. முகம் ஆறிய பிறகு மருத்துவர் சொல்லும் சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிமுதல் அடிவரை நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு எடுத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெயிலில் இருக்கும் நாட்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். பட்டாணி அளவு தொட்டு வைப்பதால் பயன் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் இதற்கு மேலானது.

அடுத்தது டை. கறுப்பு நிறம் தருவது பெரும்பாலும் பாரா பினைலின் டையமைன் என்ற வேதிப்பொருள், சுருக்கமாகப் பி.பி.டி. என்பார்கள். பத்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் நம் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்டதை அதன் பிறகு மறப்பதில்லை. அடுத்த முறை வீக்கம் இதைவிடக் கடுமையாக வரலாம், மூச்சுத் திணறல் வரை போனவர்கள் உண்டு. அம்மோனியா இல்லாதது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அதில் பி.பி.டி. இல்லை என்று பொருளாகாது. கறுப்பு மருதாணி, மூலிகைக் கருமைப் பொடி என்று விற்பவை பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. அசல் மருதாணி செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்குகிற பொடி எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். திருமணத்துக்கு முந்தைய நாள் மெஹந்தி போட வருபவர்கள் வேகமாகச் சிவக்கவும் கறுக்கவும் வேண்டுமென்று கொண்டுவரும் கூம்புகளிலும் அதே வேதிப்பொருள் இருக்கக்கூடும். வீட்டில் அரைத்த மருதாணியைத் தவிர வேறு எதையும் உங்கள் கையில் வைக்க விடாதீர்கள். மகளுக்கும் அதுவே நல்லது.

முடிக்கு வருகிறேன். நெற்றி ஓரம் அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகன்று உச்சியில் அடர்த்தி குறைந்தால் அது பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது வேகம் பிடிக்கும். தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடுங்காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ பெரிய மன உளைச்சலோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். எதுவானாலும் ஹீமோகுளோபின், ஃபெரிடின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு ஆண்டுகளில் பலருக்கு உதிரப்போக்கு மிக அதிகமாக இருக்கும், அந்த நாட்களில் இழந்த இரும்புச் சத்து தானாக ஈடாகிவிடுவதில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலில் இரும்பின் இருப்பைச் சொல்லும் ஃபெரிடின் வற்றிப்போயிருக்கலாம் என்பதால் அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். முடி வளர்வதற்கான மினாக்சிடில் என்ற மருந்தை மருத்துவர் எழுதித் தந்தால், தொடக்கத்தில் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அது தெரியாமல் பயந்து இருபதாம் நாளே பாட்டிலைத் தூக்கிப் போடுபவர்கள் ஏராளம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், விட்டுவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும்.

உண்மையிலேயே வயதின் வேலையாக இருப்பது தோல் உலர்வதும் தளர்வதும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும், தோலுக்குக் கட்டுக்கோப்புத் தரும் கொலாஜன் முதல் 5 ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற அளவில் மெதுவாகக் குறைகிறது. ஓர் ஆண்டுக்குள் பத்து வயது கூடிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுவது பிரமை அல்ல. இந்தச் சில ஆண்டுகள்தான் மேடு. அதன் பிறகு வண்டி சமதரையில்தான் போகும். முகத்துக்குச் சோப்பைக் குறைத்து, குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ச்சரைசர் பூசி வாருங்கள். விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை.

மறுமொழி 2: கோவை அழகு நிலையத்தார்

அம்மா, நான் கோவையில் 18 ஆண்டுகளாக ஒரு சிறிய அழகு நிலையம் நடத்துகிறேன். செவிலியர் அம்மா மருத்துவத்தைச் சொல்லிவிட்டார். நான் என் கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமணம் வரைக்கும் எந்த நிலையத்திலும் உங்கள் முகத்துக்கு பிளீச், ஃபேஷியல், மேல்தோலை உரிக்கும் பீல் ஆகிய எதையும் செய்ய விடாதீர்கள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் பேசும்போது, அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்று சொல்லி இவற்றை இலவசமாகவே வைப்பார்கள். கிரீமால் மெலிந்த தோலில் பிளீச் பட்டால் முகம் வெந்துவிடும். நானே இத்தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன், வேண்டாம்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளரும். ஆடியில் கடைசியாக டை அடித்ததாகச் சொல்கிறீர்கள், தை மாதக் கடைசிக்குள் வகிட்டின் இரு பக்கமும் ஆறு ஏழு சென்டிமீட்டர், ஏறத்தாழ நான்கு விரற்கடை அளவுக்கு வெள்ளை வந்திருக்கும். அதற்குக் கீழே பழைய கறுப்பு இருக்கும். பார்க்கிறவர் கண்ணை உறுத்துவது நரை அல்ல, வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற அந்த எல்லைக்கோடு. தோள்வரை வெட்டிக்கொண்டால் கறுப்புப் பகுதி குறைந்து பார்க்க ஒழுங்காகும். வெட்ட மனம் வராவிட்டால் வகிட்டை நேராக எடுக்காமல் பக்கவாட்டில் கோணலாக எடுத்து, முன்முடியைத் தளர்வாகப் பின்னோக்கி வாரி, பிடரியில் தாழ்வாகக் கொண்டை போட்டுச் சுற்றிலும் மல்லிகை வைத்துவிட்டால் எல்லைக்கோடு கொண்டைக்குள் மறைந்துவிடும். நான் இப்படிப் பல அம்மாக்களுக்குச் செய்திருக்கிறேன். கனமான சவுரி வைத்து நீளச் சடை பின்ன ஆசைப்படாதீர்கள். மெலிந்த முடி அந்தக் கனத்தையும் ஐந்து முழப் பூவையும் ஒரு பகல் முழுக்கத் தாங்காது, வேரோடு இழுத்துக்கொண்டு வரும். முழுக்கக் கறுப்பாக்காமல் அன்று ஒருநாள் மட்டும் வகிட்டை மறைக்க வேண்டுமென்றால், தூரிகையால் ஒற்றிக் குளித்தால் போய்விடும் கனிமத் தூள்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும் முன் பெட்டியில் உள்ள பொருள்களின் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அறுந்துவிடும் நிலையில் உள்ள மடலை, மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் தைத்துவிடுவார்கள். ஆனால் மறுபடி துளையிடச் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், அதுவும் பழைய தழும்பின் மேல் குத்தக் கூடாது. கணக்குப் பார்த்தால் தை மாதத்துக்குள் கனமான நகை போட முடியாது. ஆகையால் திருமணத்துக்கு எடையில்லாத கல்தோடு போட்டுக்கொண்டு, தையலைப் பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிமிக்கிக்கு மாட்டல் கொடுத்துவிட்டால் கனம் தெரியாது என்பார்கள். அந்த மாட்டலின் கொக்கி காதோர முடியில்தானே தொங்குகிறது, உங்களுக்கு அங்கேயும் முடி மெலிவு.

நெற்றிப் பொட்டையும் கவனியுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருளால் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் அரித்து, பிறகு வட்டமாக வெள்ளை விழுந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் என்பதால் இரவில் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

சேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுத்த முடிக்கு எடுப்பாக இருந்த சந்தன நிறமும் வெளிர் ரோஜாவும் நரைக்குப் பக்கத்தில் முகத்தை வாட்டமாகக் காட்டும். அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ நிறம் போன்ற ஆழ்ந்த நிறங்களில் பட்டு எடுத்துப் பாருங்கள். கடைக்குப் போகும்போது டை இல்லாத தலையோடும் மை இல்லாத கண்ணோடும் போய், பகல் வெளிச்சத்தில் வாசலருகே தோளில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மறுமொழி 3: வரவேற்பு மேசை

எனக்கு 54 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் வரவேற்பாளராக இருக்கிறேன். நரையோடு நிற்பதுதான் தைரியம் என்று யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முடியைக் கறுப்பாக வைத்துக்கொள்ள விரும்புவது பொய்யும் அல்ல, பலவீனமும் அல்ல. எங்கள் அலுவலகத்தில் 58 வயது மேலாளரின் நரையை அனுபவம் என்கிறார்கள். என் காதோர வெள்ளையைப் பார்த்த அன்று, உள் அலுவலகத்துக்கு மாறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வீட்டு வாடகையும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்த மேசையிலிருந்துதான் வருகின்றன. எனக்குத் தலைமுடி சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது.

எனக்கும் டையினால் அரிப்பு வந்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மருதாணிக்கும் அவுரிக்கும் மாறினேன். அவுரி என்பது நீலச் சாயம் எடுக்கும் செடி. நம் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிர் செய்கிறார்கள். வேறெதுவும் கலக்காத மருதாணிப் பொடியை இரவே வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வைப்பேன். காலையில் தலையில் பூசி இரண்டரை மணி நேரம் இருந்து, ஷாம்பு போடாமல் வெறும் நீரில் அலசுவேன். நரை அப்போது ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு அவுரிப் பொடியை ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நீரில் குழைத்துக் கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும், நேரமானால் நிறம் செத்துவிடும். ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சையும் பழுப்புமாகத் தெரியும். இரண்டு நாளில் கருத்துவிடும். டையைப் போல் மையிருட்டுக் கறுப்பு வராது, காதோரத்து முரட்டு நரை சரியாகப் பிடிக்காது, ஒரு சனிக்கிழமை முழுதாகப் போய்விடும். இவ்வளவும் தெரிந்தே இதைச் செய்கிறேன்.

உங்களுக்கு வந்தது என்னுடையதைவிடக் கடுமையானது. தலைப் புண் முழுக்க ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு பூசி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். அவுரியிலும் கலப்படம் இருக்கிறது. மருதாணி வைக்காமலே ஒரே பூச்சில் கறுப்பாகும் என்று விற்கிற அவுரியை வாங்கவே வாங்காதீர்கள்.

மறுமொழி 4: விருதுநகர்ப் பக்கத்து ஆச்சி

மகளே, எனக்கு 67 வயது. உன் கேள்வியில் அந்த அடுப்பில் இல்லாத பாலைப் பற்றிப் படித்தபோது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் மற்றவர்கள் சொன்ன விஷயங்களுக்குள் நான் போகவில்லை.

எனக்கு 50 வயதில் முன்முடி கொட்டி, முகவாயில் கம்பிபோல் முடி முளைக்கத் தொடங்கியது. வெட்கத்தில் விடியுமுன் எழுந்து குளியலறை விளக்கில் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். அந்த வயதில் அது பலருக்கும் வருவதுதான் என்று என்னிடம் சொல்ல அப்போது ஆளில்லை. அன்றிலிருந்து யார் வீட்டு விசேஷத்திலும் படம் எடுக்கிறார்கள் என்றால் பந்தி பரிமாறப் போய்விடுவேன், அல்லது கேமராவை வாங்கி நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். என் கணவர், "நீயும் வந்து நில்" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தவறிவிட்டார். முதல் திதிக்கு, எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் பெரிதாக்கி மாட்ட வேண்டுமென்று பேரன் ஆசைப்பட்டான். வீட்டிலிருந்த ஆல்பங்கள், பிள்ளைகளின் கைபேசிகள், உறவினர்கள் வைத்திருந்த கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் தேடினோம். கடைசி மகன் கல்யாணத்தில் அவர் தனியாக நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார். எங்கள் இருவரையும் சேர்த்துக் கிடைத்த கடைசிப் படம், என் 49-ஆவது வயதில் திருச்செந்தூர் போனபோது கடற்கரையில் ஒருவர் எடுத்துக் கொடுத்தது. அதைத்தான் மாட்டியிருக்கிறோம். அவர் கண்ணுக்குத் தெரிந்த என் கடைசிப் பத்து ஆண்டு முகத்தை நான் யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

என் அம்மாவின் தலைமுறையில் பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காதுதான் அழகு. எனக்கு நினைவு தெரிந்த நாளில் பட்டணத்துக்குப் போய்வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்ததும், வயதான பெண்கள் சிலர் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டதும் உண்டு. அம்மா அப்படிச் செய்யவில்லை. சாகும்வரை தலை நிமிர்ந்துதான் நடந்தார்.

உன் மகளின் கல்யாணத்தில் உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி அலங்காரம் செய்துகொள். சாயம் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். படம் எடுக்கும்போது மட்டும் அடுக்களைக்குள் போகாதே.

மறுமொழி 5: பொருநைக்கரை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. உடனே எழுத இயலவில்லை. இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. பரிசோதனைகளை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஃபெரிடின் 9 என்று வந்திருக்கிறது. ஆய்வுக்கூடம் தந்த தாளில் அதற்குப் பக்கத்தில் குறைவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 11.4. தைராய்டு சரியாக இருக்கிறது. நின்றுபோவதற்கு முந்தைய ஆண்டு மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கோடு வகுப்பில் நின்றிருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதே இல்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், உணவுக்குப் பின் தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லியிருக்கிறார்கள். கிரீம் குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். செவிலியர் அம்மா சொன்னதுதான். முதல் இரண்டு வாரம் மிகவும் கொதித்தது, ஈரத்துணி வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். இப்போது எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மங்கு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மருந்து மார்கழிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். மைதானத்துக்குக் குடை கொண்டுபோகிறேன். முதல் நாள் மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் இன்னும் இரண்டு ஆசிரியைகள் குடையோடு வந்தார்கள்.

வரவேற்பு மேசைச் சகோதரிக்கு, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, கறுப்பாக்க ஆசைப்பட்டதற்காக நான் என்னையே கடிந்துகொள்வதை விட்டுவிட்டேன். அவுரியைத் தைக்கு முன் முயல வேண்டாம், தலைத்தோல் இன்னும் முழுக்க ஆறவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இப்போதைக்கு வெள்ளையோடுதான் இருக்கப் போகிறேன். திருமணத்துக்குப் பிறகு என்ன செய்வேன் என்று இன்று முடிவு செய்யவில்லை.

முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். கோவைச் சகோதரி சொன்ன கொண்டையை மகள் யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தாள். வகிட்டைக் கோணலாக எடுக்கும்போது சீப்பின் காம்பால் அளந்து, "வெள்ளை ஒரு விரற்கடை வந்துவிட்டதம்மா, தைக்குள் நான்காகிவிடும்" என்று கணக்கு டீச்சர் மகளாகவே சொன்னாள். சேலை மயில்கழுத்து நிறத்தில் எடுத்தாகிவிட்டது.

ஆச்சிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். தெருமுனையில் உள்ள ஸ்டூடியோவில் அன்று மாலையே இருவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். முகச் சிவப்பையும் மங்கையும் கணினியில் எடுத்துவிடட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். சிவப்பை மட்டும் எடுக்கச் சொன்னேன்.